1903, கார்னெல்: மருத்துவமனை இருந்தும் 29 மாணவர்கள் இறந்தது ஏன்?

ஏட்டுச்சுருள் எழுதியது:

மருத்துவ வரலாறு பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் என் மனத்தில் வந்து போகும் ஒரு சம்பவத்தை இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கும் ஊர் இதாகா. 1900 வாக்கில் ஊர் மக்கள் 13,000 சொச்சம். மேட்டில் கார்னெல் பல்கலைக்கழகம், சுமார் 3000 மாணவர்கள். 1897-ல் ஹென்றி சேஜ் என்ற மர வியாபாரி இறந்ததும், அவருடைய மகன்கள் அப்பா வாழ்ந்த மாளிகையை மாணவர் மருத்துவமனையாக்கிக் கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நடத்தும் செலவுக்கு 1,00,000 டாலர் வைப்புநிதியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய ஏற்பாடு. பல இடங்களில் மாணவன் காய்ச்சலில் படுத்தால், குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மனமிரங்கி ஏதாவது காய்ச்சிக் கொடுத்தால்தான் உண்டு. பிரின்ஸ்டன் கல்லூரியில் அதிபர் மக்காஷின் மனைவி இசபெல்லா தானே அறை அறையாகப் போய் நோயாளி மாணவர்களைப் பார்த்து வந்தார். பிறகு அங்கே கட்டிய மருத்துவமனைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆக, கார்னெலில் மாளிகை இருந்தது, படுக்கை இருந்தது, பணமும் இருந்தது.

1903 ஜனவரி. விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மாத நடுவில் ஒருவர் இருவராகக் காய்ச்சல் என்று படுக்க ஆரம்பித்தார்கள். தலைவலி, உடல் அசதி, நாளுக்கு நாள் ஏறும் சூடு. முதலில் ஃப்ளூ என்றார்கள். மாத முடிவில் பெயர் தெரிந்துவிட்டது, டைபாய்டு. மருத்துவமனை நிரம்பி வழிந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு நோயாளிகள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே நோயை உடம்பில் சுமந்துகொண்டுதான் போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் படுத்து அங்கேயே இறந்தவர்களும் உண்டு.

எல்லாம் அடங்கியபோது கணக்கு இது: சுமார் 1350 பேருக்கு நோய், 82 பேர் மரணம். அதில் 29 பேர் கார்னெல் மாணவர்கள்.

காரணம் குடிதண்ணீர். ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது ஒரு தனியார் கம்பெனி. அதன் உரிமையாளர் வில்லியம் மாரிஸ், கார்னெலிலேயே படித்தவர். சிக்ஸ் மைல் கிரீக் என்ற ஓடையின் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டார்கள். அதே ஓடையில் அணை கட்டும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். மாணவர் நலம் என்று பேசியவர்கள் நோய் வந்த பிறகு படுக்க வைக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே யோசித்தார்கள். பையன் காலையில் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான் என்பதை யாரும் தன் வேலையாக நினைக்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவ சேவையின் வரலாற்றைக் கட்டடத்தில் தொடங்கக் கூடாது, அந்தக் குழாயில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

அறை_27 எழுதியது:

நல்ல பதிவு ஐயா. நான் பொறியியல் மூன்றாம் வருடம். ஒரு சந்தேகம். இன்றைக்கு டைபாய்டு என்றால் ஊசி, மாத்திரை, பத்து நாள் லீவு, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மருந்தே கிடையாதா? மருத்துவமனையில் சேர்த்து என்னதான் செய்தார்கள்?

---

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, இதுக்கு நான் பதில் சொல்றேன். முப்பத்தி நாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் பழைய காலத்து ஆள். அவங்ககிட்ட கேட்டதும் பழைய நர்சிங் புத்தகங்கள்ல படிச்சதும் சேர்த்துச் சொல்றேன்.

1903-ல டைபாய்டுக்கு மருந்துன்னு ஒண்ணு கிடையாது. குளோரம்பெனிகால் இந்த நோய்க்குக் கொடுக்க ஆரம்பிச்சதே 1948-லதான். அதுவரைக்கும் வைத்தியம்னா நர்சோட கைதான்.

காய்ச்சல் படிப்படியா ஏறும். முதல் வாரம் ஏணி மாதிரி, இன்னிக்கு இவ்வளவு, நாளைக்கு அதுக்கு மேல ஒரு படி. இரண்டாம் வாரம் 103, 104-ல போய் நின்னுடும், இறங்கவே இறங்காது. நாக்கு நடுவுல வெள்ளையாப் படிஞ்சு ஓரம் மட்டும் சிவப்பா இருக்கும். வயித்துல சின்னச் சின்ன ரோஜா நிறப் புள்ளி. ஆள் பிதற்ற ஆரம்பிப்பாங்க. போர்வையைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பாங்க, எதையோ பொறுக்குற மாதிரி. அதை நான் கண்ணால பார்த்திருக்கேன், மறக்காது.

சூட்டைக் குறைக்க பிராண்டுன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் சொன்ன குளியல் முறை. காய்ச்சல் ஒரு அளவைத் தாண்டினா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காம, நோயாளியைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணித் தொட்டியில பதினஞ்சு இருபது நிமிஷம் படுக்க வைக்கணும். சும்மா போட்டுட்டு நிக்க முடியாது. கை, கால், முதுகெல்லாம் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். உதடு நீலமாகும், பல்லு கிட்டும். பிறகு தூக்கித் துடைச்சுப் போர்த்தி, சூடா ஏதாவது ஒரு வாய் கொடுத்து, திரும்ப டெம்பரேச்சர் எடுத்துக் குறிக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவைன்னு வெச்சுக்கோ. ஐம்பது பேர் படுத்திருந்தா எத்தனை கை வேணும்? அதனாலதான் வெளியூர்ல இருந்தெல்லாம் நர்சுகளை வரவழைக்க வேண்டி வந்துது.

சாப்பாடு பால்தான். திடமா ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு அப்ப நினைச்சாங்க, ஏன்னா சிறுகுடல்ல புண் இருக்கும். மூணாம் வாரம்தான் கண்டம். புண் இருக்கிற இடத்துல குடல் ஓட்டையாகலாம், இரத்தம் போகலாம். ராத்திரி ஷிப்ட்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியணும். காய்ச்சல் திடீர்னு இறங்குதுன்னு சந்தோஷப்பட்டுடக் கூடாது. சூடு சட்டுனு இறங்கி, நாடி மட்டும் ஏறினா உள்ளே இரத்தம் போகுதுன்னு அர்த்தம். அந்த நிமிஷம் டாக்டரை எழுப்பணும்.

இன்னொண்ணு. அந்தப் பிள்ளைங்களோட மலத்தைச் சுண்ணாம்புப் பாலோ கார்பாலிக்கோ ஊத்தி வெச்சிருந்துதான் கொட்டணும். இல்லேன்னா நர்சுக்கும் வரும், அடுத்த படுக்கைக்கும் வரும். வார்டு சுத்தம்னு நாங்க உயிரை விட்டுக் கத்துறது இதுக்குத்தான்.

1350 பேர்ல 82 பேர்னா நூத்துக்கு ஆறு. மருந்தே இல்லாத காலத்துல இது மோசமான கணக்கு இல்லை. பத்து பேர் போறது அப்போ சாதாரணம். அந்த நர்சுங்க நல்லா வேலை பார்த்திருக்காங்க. அவங்க பேர் ஒண்ணுகூட எங்கேயும் பெரிசா எழுதலைங்கிறது எனக்கு வருத்தம்.

---

குழாயடி எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் தண்ணீர்க்காரன். குடிநீர்த் திட்டங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை. என் பக்கத்தைச் சொல்கிறேன்.

1903-ல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது, பாவம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகவே தெரியும். 1892-ல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து 8000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருக்கும் ஆல்டோனா ஊரும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே வரும் தண்ணீரை. ஆனால் ஆல்டோனா தண்ணீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவு. தெருவுக்கு இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் இல்லை. இதைவிடப் பெரிய நிரூபணம் என்ன வேண்டும்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரம் 1893-ல் மணல் வடிகட்டி போட்டது, டைபாய்டு சரிந்தது. கார்னெல் இருக்கும் நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் ஆல்பனியே 1899-ல் வடிகட்டி போட்டுவிட்டது. இதாகா கண்ணுக்கு எட்டாத விஷயமில்லை இது.

மெதுமணல் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குத் தெரியாது. சல்லடைபோல மணல் கிருமியைப் பிடிக்கிறது என்று நினைப்பார்கள். மணல்துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் டைபாய்டுக் கிருமி ஊர்வலமே போகலாம், அவ்வளவு இடம். வேலை செய்வது மணலுக்கு மேல் சில நாளில் படரும் வழவழப்பான படலம். பாசி, நுண்ணுயிர், வண்டல் எல்லாம் சேர்ந்த மேல்தோல் அது. கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும், மற்ற உயிர்கள் அதைத் தின்றுவிடும். தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குப் பத்து இருபது சென்டிமீட்டர்தான் இறங்கும். அவசரப்பட்டால் கெட்டது. இதோடு, படிகாரம் போட்டு அழுக்கைத் திரட்டி வேகமாக வடிக்கும் இயந்திர வடிகட்டியும் அப்போதே வந்துவிட்டது.

நம் வீடுகளில் கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையைப் பானை உட்புறத்தில் உரசுவார்கள். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. என் வேலைக்காலம் முழுவதும் இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் தொண்டை வற்றியது. ஜனவரி மாதத்து இதாகா ஓடையில் பனிக்கட்டி மிதந்திருக்கும், தண்ணீர் பார்க்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!

குளோரின் கலப்பது மட்டும் அப்போது அங்கே வழக்கத்தில் இல்லை. 1908-ல் ஜெர்சி சிட்டியில்தான் ஒரு பெரிய ஊர்த் தண்ணீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்க ஆரம்பித்தார்கள். ஆகவே 1903-ல் இருந்த வழி இரண்டு. வடிகட்டு, இல்லை கொதிக்கவை. இதாகாவில் முதலாவதைச் செய்யவில்லை. இரண்டாவதைச் சொல்வதற்குள் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டது. டைபாய்டு குடித்த மறுநாள் வராது, ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். முதல் நோயாளி படுக்கும் நாளில் அடுத்த நூறு பேர் ஏற்கெனவே குடித்து முடித்திருப்பார்கள்.

---

வழக்குரை எழுதியது:

இரு பெரியவர்களும் எழுதியது மிக நன்று. ஆனால் ஏட்டுச்சுருள் ஐயாவின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

பல்கலைக்கழகம் படிப்பு சொல்லித் தரும் இடம். ஊருக்குத் தண்ணீர் விட்டது கம்பெனி. கண்காணிக்க வேண்டியது நகராட்சி. கார்னெலின் முதல் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட் மாணவர் விடுதி கட்டுவதையே விரும்பாதவர். மாணவர்கள் வளர்ந்த மனிதர்கள், ஊருக்குள் வீடு பிடித்துப் பெரியவர்களைப் போலத் தங்கட்டும் என்பது அவர் கருத்து. ஆண் மாணவர்கள் பெரும்பாலும் ஊர் மக்களின் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள்தான். அந்த வீட்டுக் குழாய்க்குப் பல்கலைக்கழகம் எப்படிப் பொறுப்பாகும்? உங்கள் மகன் வெளியே அறை எடுத்துத் தங்கி ஹோட்டலில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டால் கல்லூரி முதல்வரைக் கூண்டில் ஏற்றுவீர்களா?

பெற்றோர் ஸ்தானத்தில் கல்லூரி இருக்கிறது என்ற வாதமே சட்டத்தில் தெளிவாக வந்தது பிறகுதான். 1913-ல் கென்டக்கியில் கோட் என்ற உணவு விடுதிக்காரர் பெரியா கல்லூரிமேல் வழக்குப் போட்டார். மாணவர்கள் வெளி உணவகங்களுக்குப் போகக் கூடாது என்று கல்லூரி விதி போட்டதால் அவர் வியாபாரம் படுத்துவிட்டது. மாணவர்களின் உடல்நலம், ஒழுக்கம், படிப்பு மூன்றிலும் கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1903-க்குப் பத்து வருடம் கழித்து. முன்தேதி போட்டுக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

வழக்குரை ஐயா, பெரியா வழக்கை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அந்தத் தீர்ப்பு கல்லூரிக்குத் தந்தது அதிகாரம். மாணவனைத் தடுக்கும் அதிகாரம். நான் கேட்பது அக்கறையை. அதற்குத் தீர்ப்பு எதற்கு?

மேட்டில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கிருமியியல் பேராசிரியர் வெரானஸ் மூர் இருந்தார். தண்ணீரைப் பகுத்தாய்வதில் தேர்ந்த வேதியியலாளர் எமில் சாமோ இருந்தார். டைபாய்டை இரத்தத்தில் கண்டுபிடிக்கும் வைடால் சோதனை 1896-லிருந்தே உண்டு. ஊருக்குள் இருந்த எந்த நகராட்சி உறுப்பினரைக் காட்டிலும் ஓடைத் தண்ணீரில் என்ன இருக்கக்கூடும் என்று அறிந்தவர்கள் அந்த வளாகத்தில்தான் இருந்தார்கள். ஒரு வேலைக்காரர் குடும்பத்துக்குத் தெரியாமல் போனது வேறு. தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து வாங்கி, அந்தத் தண்ணீர் ஓடும் ஊருக்குள் குடியேற விட்டது வேறு. 29 வீடுகளுக்குத் தந்தி போயிருக்கிறது ஐயா. அந்த அப்பாக்களிடம் போய், விடுதி எங்களுடையதல்ல என்று சொல்ல முடியுமா?

நடந்த பிறகு அவர்களே இதை ஒப்புக்கொண்டதுபோல்தான் நடந்துகொண்டார்கள். தலைவர் ஷுர்மன் பல்கலைக்கழகத்தை மூடவில்லை. ஆனால் மாணவர் தங்கும் வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். முதலில் ஏற்க முடியாது என்று நினைத்த பொறுப்பை, சாவு வந்ததும் ஏற்க முடிந்தது. வளாகத்துக்கென்று வடிகட்டி நிலையம் கட்ட எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி பணம் கொடுத்தார். அவர் கார்னெலின் அறங்காவலர்களில் ஒருவர். நோயில் விழுந்த மாணவர்களின் மருத்துவச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். அதாவது அதுவரை டாக்டர் பில்லும் நர்ஸ் பில்லும் குடும்பங்களின் தலையில்தான் இருந்தது. மாளிகை இருந்தும்!

ஊரும் சும்மா இருக்கவில்லை. மார்ச் மாதம் மக்கள் வாக்களித்தார்கள், தண்ணீரை ஊரே எடுத்து நடத்த வேண்டும் என்று. வடிகட்டியும் அதே ஆண்டு வந்தது.

---

மணிமுத்தாறு எழுதியது:

இந்த நோயைப் பரப்பியது "டைபாய்டு மேரி" என்று எங்கோ படித்தேன். அவர்தான் 1300 பேருக்குக் கொடுத்தார் என்று போட்டிருந்தது. உண்மையா?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

இல்லை. இது இணையத்தில் சுற்றும் கதை. குழப்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1903-ல் இதாகாவைச் சுத்தம் செய்ய மாநில சுகாதாரத் துறை அனுப்பிய பொறியாளர் ஜார்ஜ் சோப்பர். அதே சோப்பர்தான் 1906-ல் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு வீட்டில் வந்த டைபாய்டைத் துருவிப் போய், 1907-ல் தனக்கு நோய்க்குறி எதுவும் இல்லாமலே கிருமியைச் சுமந்து பரப்பிய மேரி மாலன் என்ற சமையல்காரரைக் கண்டுபிடித்தார். "டைபாய்டு மேரி" என்பது இவர்தான். ஆள் ஒருவர், சம்பவம் இரண்டு. யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இதாகாவில் மேரி இருந்ததற்கு ஆதாரமே கிடையாது.

இன்னொரு பழியும் உண்டு. அணை வேலைக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர்கள் ஓடையை அசுத்தம் செய்தார்கள் என்று அப்போதே பேசினார்கள். அவர்களுக்கு ஒழுங்கான கழிப்பறை ஏற்பாடு செய்து தராதது யார் என்று பலர் கேட்கவில்லை. ஓடை நெடுகிலும் வீடுகளும் கழிப்பறைக் குழிகளும் கரையோரமாகவே இருந்தன. எந்த ஒருவரிடமிருந்து கிருமி வந்தது என்று யாரும் நிறுவவில்லை. கூலிக்கு வந்த அயலூர்க்காரன்மேல் பழி போடுவது எளிது.

---

கரவெட்டியான் எழுதியது:

வணக்கம். எங்கட பக்கம் இந்த வருத்தத்தை நெருப்புக் காய்ச்சல் எண்டுதான் சொல்லுவம். சின்ன வயசில எனக்கும் வந்தது. அம்மா நாப்பது நாள் பக்கத்திலேயே இருந்தவ. அக்கா எழுதின அந்த நாக்கு, பிதற்றல் எல்லாம் வீட்டில சொல்லக் கேட்டிருக்கிறன்.

நான் சொல்ல வந்தது வேற. குழாய்த் தண்ணி, குழாய்த் தண்ணி எண்டு எல்லாரும் கதைக்கிறியள். யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை. நாங்கள் கிணத்துத் தண்ணியிலதான் வளர்ந்த ஆக்கள். சின்ன வளவு, ஒரு மூலையில கிணறு, மற்ற மூலையில மலசலகூடம். கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் ஓட்டையுமா இருக்கும். குழியில விழுந்தது எந்தப் பக்கத்தால போய் எந்தக் கிணத்துக்குள்ள வருமெண்டு மேல நிண்டு பாக்கிற ஆருக்கும் தெரியாது. தண்ணி நல்ல ருசி. அதுதான் பயம். நெருப்புக் காய்ச்சல் எங்கட பக்கம் விட்டுப் போகாததுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவினம்.

அப்ப அந்த இதாகா ஊரில ஆக்கள் கம்பெனித் தண்ணியை விட்டிட்டு வீட்டுக் கிணத்துக்குத் திரும்பியிருப்பினமே? அங்க என்ன நடந்தது?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

கரவெட்டியான், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதேதான் நடந்தது. குழாயை நம்பாத அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டுக் கிணற்றைப் பொதுவாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அந்தக் கிணறே கெட்டிருந்தது. அதிலிருந்து தனியாக ஒரு கொத்து நோயாளிகள். சோப்பர் இதைத் தம் அறிக்கையில் விவரமாக எழுதியிருக்கிறார். குழாயை மட்டும் சரிசெய்தால் போதாது என்று அவர் கிணறு கிணறாக, கழிப்பறைக் குழி குழியாகப் போனதற்கு இதுதான் காரணம்.

அதே 1903-ல், அமெரிக்காவின் மறுகரையில் ஸ்டான்ஃபோர்டிலும் டைபாய்டு வந்தது. அங்கே பால் வழியாக. தண்ணீரைப் பார்த்தால் கிணறு, கிணற்றைப் பார்த்தால் பால்.

---

கணக்குச்சுவடி எழுதியது:

ஒரு கிளைக்கதை சொல்ல அனுமதியுங்கள். அதே காலம், வேறு பல்கலைக்கழகம், நம் ஊர்ப் பிள்ளை.

இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம். 1917 வசந்தத்தில் படுத்துவிட்டார். கேம்பிரிட்ஜில் தாம்ப்சன்ஸ் லேன் என்ற தெருவில் இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில்தான் முதலில் சேர்த்தார்கள். பிறகு சாமர்செட்டில் மெண்டிப் மலைச் சானடோரியம். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து, சென்னைக்காரர். பின்னாளில் 1928-ல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியவரும் இவரே. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. தினமும் அங்கே இறங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்! இராமானுஜன் மெண்டிப்பிலிருந்து மாட்லாக், பிறகு லண்டன், பட்னி என்று இடம் மாறினார். திறந்த ஜன்னல், குளிர்காற்று, மரக்கறிக்காரருக்கு ஒத்துவராத சாப்பாடு.

டாக்டர்கள் ஒருவர் வயிற்றுப்புண் என்றார், பெரும்பாலோர் காசநோய் என்றார்கள். 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, ஈரலில் அமீபா தொற்று என்பதே பொருந்தும் என்றார். இங்கிலாந்து போகும் முன்பே சென்னையில் அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்திருக்கிறது. அதுவும் தண்ணீரில் வரும் நோய்தானே. யங் சொன்னது சரியென்றால் அது அன்றைக்கே மருந்து இருந்த நோய். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 32 வயது.

---

வார்டு_அக்கா எழுதியது:

ஐயோ. அந்தப் பிள்ளைக்கு ரசஞ்சோறு வெச்சுக் கொடுக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே. நோயாளியோட சாப்பாடு என்னன்னு கேட்கிறதுதான் எங்க முதல் கேள்வி.

கார்னெலுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. வேலூர் சி.எம்.சி. தொடங்கின ஐடா ஸ்கடர் அம்மா 1899-ல டாக்டர் பட்டம் வாங்கினது கார்னெல் மருத்துவக் கல்லூரியிலதான். அது நியூயார்க் நகரத்துல இருந்துது, இதாகாவுல இல்லை. 1900-லயே அவங்க வேலூர் வந்துட்டாங்க.

---

வழக்குரை எழுதியது:

ஏட்டுச்சுருள் ஐயா, தந்தி பற்றி நீங்கள் எழுதிய வரி இரண்டு நாளாக மனத்தில் இருக்கிறது. சட்டப்படி நான் சொன்னது சரி என்றே இன்னமும் கருதுகிறேன். ஆனால் கிருமியியல் பேராசிரியர் வளாகத்திலேயே இருந்தார் என்பதை நான் எடை போடவில்லை. அதை ஏற்கிறேன்.

ஒரு கேள்வி. குடும்பத்தின் தலையில் பில் விழாமல் எல்லா மாணவருக்கும் மருத்துவம் என்பது எங்கே தொடங்கியது?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

பெருந்தன்மையான பதில் ஐயா, நன்றி.

1906, பெர்க்லியில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகம். சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் நடந்த வருடம். டாக்டர் ஜார்ஜ் ரைன்ஹார்ட் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். எல்லா மாணவரும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை கட்டிவிட வேண்டும். பிறகு நோய் வந்தால் மருத்துவமனை, டாக்டர், நர்ஸ் எல்லாம் அதில் அடங்கும். நோயாளிக்குத் தனி பில் இல்லை. நலமாக இருப்பவனும் கட்டுகிறான், அதனால் படுத்தவன் பிழைக்கிறான். 1861-லேயே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் எட்வர்ட் ஹிட்ச்காக் மாணவர் உடல்நலத்துக்கென்ற துறையை நடத்த ஆரம்பித்தார், ஆனால் அதில் உடற்பயிற்சியும் உடலளவு எடுப்பதும்தான் முதன்மை. மிஷிகன் பல்கலைக்கழகம் 1913-ல் தன் மாணவர் மருத்துவ சேவையைத் தொடங்கியது. 1918 ஃப்ளூவின்போது வளாகங்கள் பாதி ராணுவ முகாம்களாக இருந்தன. அதன் பிறகு 1920-ல் இந்த மருத்துவர்கள் சேர்ந்து சங்கமே அமைத்தார்கள்.

---

அறை_27 எழுதியது:

நான் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், கல்லூரிப் பெயர் வேண்டாம்.

போன செமஸ்டரில் எங்கள் விடுதியில் ஒரே பிளாக்கில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை. ஆம்புலன்ஸ் உடனே வந்தது, வளாக டாக்டர் நன்றாகவே பார்த்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளியே பானிபூரி சாப்பிட்டிருப்பீர்கள் என்றார்கள். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர் மெஸ்ஸைத் தாண்டி எங்கும் சாப்பிடாதவர்கள்.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று மாலை நானும் அறைத் தோழனும் மொட்டைமாடிக்குப் போனோம். சின்டெக்ஸ் டேங்க் ஆறு. நான்கில் மூடி இருக்கிறது. ஒன்றின் மூடி விரிசல், செங்கல் வைத்திருக்கிறார்கள். ஆறாவதில் மூடியே இல்லை, உள்ளே புறா இறகு மிதந்தது. ஆர்.ஓ. மெஷின் கீழ்த்தளத்தில் மட்டும்தான். மூன்றாம் மாடிப் பசங்க ராத்திரி படிக்கும்போது பாத்ரூம் குழாயில்தான் பாட்டில் பிடிப்பார்கள். நானும்தான். போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். வார்டனிடம் எப்படிச் சொல்வது?

---

குழாயடி எழுதியது:

தம்பி, போட்டோவோடு ஒரு எண்ணும் வேண்டும். எண் இருந்தால் மறுக்க முடியாது.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். கேட்டால் ஆளே வந்து பார்ப்பார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குடிக்கும் இடத்தில் குறைந்தது 0.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். டேங்குக்குப் பக்கத்துக் குழாயில் பார்க்காதீர்கள். உங்கள் பிளாக்கில் டேங்கிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் கடைசிக் குழாயில், காலை ஆறு மணிக்கு, யாரும் திறக்கும் முன் பிடியுங்கள். மஞ்சள் வரவில்லையென்றால் அன்றைக்கே இங்கே எழுதுங்கள், வார்டனுக்குக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். அதுவரை மூன்றாம் மாடிப் பசங்களைக் கீழே போய்த் தண்ணீர் பிடிக்கச் சொல்லுங்கள்.

---

அறை_27 எழுதியது:

சரி ஐயா. அது வடக்கு மூலை, அறை 41 பக்கத்துக் குழாய். திங்கட்கிழமை காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.